எதிரில் அமர்ந்தவர்

கடல் கடந்தால் தீட்டு என்றனர் நம் நாட்டில் பழமை பேசியோர். கடல் கடந்து சென்று பார்த்தோம், தோழர்களே! தீட்டு கடலில் இல்லை. நமது பெட்டியில் இருந்தது. துணிமணிகளோடும், அம்மா எழுதித் தந்த பட்டியலோடும், நாமே அறியாமல் அதை மடித்து எடுத்துச் சென்றிருந்தோம். அது வெளிப்பட்ட கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

கோடை விடுமுறை. ஆசிரியப் பணியின் ஊதியத்தில் இரண்டாண்டுகள் மிச்சம் பிடித்த தொகை. சிங்கப்பூருக்குப் புறப்பட்டோம், தன்னந்தனியாக. "பெண்பிள்ளைக்குத் துணை வேண்டாமா?" என்றார் அத்தை. "படித்த படிப்பு துணைக்கு வரும், அத்தை" என்றோம். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்!

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா நிலையத்தில் நமது நாள் தொடங்கிற்று. கீழ்த்தளத்தில் ஒருபுறம் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை. மறுபுறம் வரிசை வரிசையாக உணவுக் கடைகள். கல்லில் வெந்த பிராட்டாவும் ஒரு குவளை கோப்பியும் வாங்கினோம். "மூணு வெள்ளி கொடுங்க" என்றார் கடைக்காரர். டாலரை அங்கே தமிழர் இன்றும் வெள்ளி என்றே அழைக்கின்றனர். மிச்சமாக வந்த நாணயத்தைத் திருப்பினோம். 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருந்தது! மலாய், சீனம், ஆங்கிலம், அவற்றோடு சம உரிமையுடன் தமிழ். கையில் இருந்தது சில்லறைக் காசு. நெஞ்சில் எழுந்ததோ பெருமிதம்.

உண்டபின் கடை வீதி. சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரம் மணக்கிறது, நகைக்கடை மின்னுகிறது, துணிக்கடை அழைக்கிறது. அம்மாவின் பட்டியலில் முதலிடம் கோடாலித் தைலத்துக்கு: ஆறு புட்டி! அத்தைக்கு ஒரு குடை. நமக்கென ஒரு சேலையை எடுத்து விலைச்சீட்டைப் பார்த்தோம். மனக்கணக்கு அதை ரூபாயாக்கியது. கை தானாகவே சேலையைத் திரும்ப வைத்தது. வாங்காத பொருள்களால் பெட்டியும் கனக்கவில்லை, மனமும் கனக்கவில்லை.

நண்பகலில் தொடர்வண்டி ஏறிச் சீனர் நகர்ப்பகுதிக்குச் சென்றோம். வண்டிக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கும்படி தமிழிலும் அறிவிப்பு ஒலித்தது. மாரியம்மன் கோயிலும் ஜாமியா மசூதியும் சில அடி தொலைவில் நிற்கும் சவுத் பிரிட்ஜ் சாலையைக் கடந்து, மேக்ஸ்வெல் உணவு நிலையத்தில் கோழிச் சோறு வாங்கினோம். வெளியே, வானம் பிளந்தது போல் மழை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே உள்ள ஊரல்லவா? கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் அறியாதது போல் வெயிலடித்தது.

அங்கே ஒரு வேடிக்கை கண்டோம். காலி நாற்காலியின் முன், மேசைமீது ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம். அது இருந்தால் இடம் பிடித்தாகிவிட்டது என்று பொருளாம், எவரும் அமர்வதில்லை. நகைத்தோம். பொட்டலத்துக்கு உரியவர் உண்டு எழுந்ததும் உரிமை முடிந்தது. அடுத்து எவரும் அமரலாம். நம் நாட்டிலோ, பிறக்கும்போதே இடம் பிடித்து, இறந்தபின்னும் சுடுகாட்டில் அந்த இடத்தை விடாதிருக்கிறார்களே, அந்தப் பொட்டலத்தை வைத்தவர் யார்?

தெருவோரம் கடை போட்டிருந்த எளிய வணிகரை, 1970களிலும் 80களிலும் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள இந்நிலையங்களுக்கு அரசு கொணர்ந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். 2020 டிசம்பரில் இப்பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. உண்ட தட்டை உண்டவரே எடுத்துவைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் கண்டிப்பான விதி. இசுலாமியர் உணவுநெறிக்கேற்ற தட்டுக்குத் தனி அடுக்கு. ஏனையவற்றுக்கு வேறு அடுக்கு. ஆனால் மேசை ஒன்றே! தட்டைப் பிரிப்பது உணவுநெறி; மனிதனைப் பிரிப்பது சாதிவெறி. இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்த அடுக்கு நமக்கு விளக்கிற்று.

உணவுவிடுதிப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுவதற்காக 1957இல் சென்னையில் மறியல் நடத்தினாரே பெரியார், அவர் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது இச்சிங்கப்பூருக்கும் வந்தார். அந்த எழுச்சியில் வளர்ந்த கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. இவற்றையெல்லாம் எண்ணியபடி, சீர்திருத்தத்தின் செல்லப்பிள்ளை நாமே என்ற செருக்கோடு, மாலையில் மீண்டும் தேக்காவுக்குத் திரும்பினோம்.

ஞாயிறு மாலை. வாரம் முழுதும் உழைத்த தொழிலாளர் கூட்டம் அலைமோதியது. மீன்குழம்புச் சோற்றை ஏந்தி இடம் தேடினோம். ஒரு மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியே உண்டுகொண்டிருந்தார்.

"இங்கே யாராவது வருகிறார்களா, அண்ணே?"

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இல்லம்மா, உட்காருங்க." ஆசிரியை என்று அறிந்ததும், "அப்படியா டீச்சர்!" என்று தமது தட்டை நகர்த்தி இடம் தந்தார். கட்டட வேலை, வந்து பதினோரு ஆண்டுகள், விடியுமுன் வேலைத்தளம். ஊர்ப் பெயரைச் சொன்னார். நமக்கு மிகவும் அறிமுகமான ஊர். மகிழ்ச்சி பொங்கிற்று. அந்த மகிழ்ச்சியில், நினைப்பதற்குள் நமது நாக்கு கேட்டுவிட்டது:

"அங்கே எந்தத் தெரு, அண்ணே?"

பிசைந்த கை நின்றது. அவர் சினக்கவில்லை, குரலும் உயரவில்லை. "இந்த மேசையில சீனர் உட்கார்ந்திருக்காங்க, மலாய்க்காரங்க உட்கார்ந்திருக்காங்க, வங்காளத்துப் பையனுங்க உட்கார்ந்திருக்காங்க. யாரும் தெருவைக் கேட்டதில்ல, டீச்சர். நம்ம ஊருக்காரங்க மட்டுந்தான் கேக்குறாங்க." தட்டைக் கையிலெடுத்தார். "நான் வேற இடத்துல உட்காரட்டுமா?"

சோறு தொண்டையில் நின்றது, தோழர்களே! மேடையேறி முழங்கிய வாய்தானே இது? பாரதிதாசனைப் பாடம் நடத்திய நாக்குத்தானே? இடைவெளியைக் கவனியுங்கள் என்று காலையில் கேட்ட அறிவிப்பு காதில் மீண்டும் ஒலித்தது.

"கேட்டது தவறு, அண்ணே. எழுந்திருக்காதீர்கள்" என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார், அமர்ந்தார். இருவரும் பேசாமல் உண்டோம். பின்னர் அவரே கேட்டார்: "எம் மக ஆறாவது படிக்கிறா. மத்தியானச் சோத்துக்குப் பிள்ளைங்கள உங்க பள்ளிக்கூடத்துல எப்படி உட்கார வைக்கிறீங்க, டீச்சர்?"

விடையில்லை. நம் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் தெருவுக்கொரு கும்பலாக அமர்வதை நாள்தோறும் பார்த்தோம். "குழந்தைகள் விருப்பம்" என்று கடந்துசென்று, ஆசிரியர் அறையில் நமது உணவுப்பெட்டியைத் திறந்தோம். 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டம் சோற்றைத் தந்தது. ஒரே வரிசையில் உட்கார வைப்பதைத் திட்டமா செய்யும்? நாமல்லவா செய்திருக்க வேண்டும்!

சிங்கப்பூரைப் பொன்னுலகம் என்று புளுகமாட்டோம். அவரைப் போன்றோரைத் திறந்த சரக்குந்தின் பின்புறத்தில் ஏற்றிச் செல்வதைக் கண்டோம். 2020இல் கொரோனா அந்நாட்டில் மிகுதியாகத் தாக்கியது தொழிலாளர் விடுதிகளையே. மேசையில் உள்ள சமத்துவம் சாலைக்கும் விடுதிக்கும் இன்னும் போய்ச் சேரவேண்டும். ஆயினும் மேசையளவேனும் அங்கே உண்டு. நம்மிடம்?

பள்ளி திறந்த நாளன்று, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைத்தோம். நாமும் ஒரு தட்டோடு நடுவே அமர்ந்தோம். மறுநாளே பெற்றோர் இருவர் வந்து நின்றனர்; இன்றும் அவர்கள் நம்மோடு பேசுவதில்லை. பிள்ளைகளோ மூன்றாம் நாளே ஊறுகாயைப் பங்கிட்டுக்கொண்டனர்.

ஊரார் கேட்கின்றனர், "சிங்கப்பூரிலிருந்து என்ன வாங்கி வந்தாய்?" என்று. ஆறு புட்டித் தைலம், ஒரு குடை, ஒரு கேள்வி. தைலம் தீர்ந்துவிட்டது. கேள்வி தீரவில்லை. தோழரே, உம் ஊர்ப் பள்ளித் தாழ்வாரத்தை ஒரு நண்பகலில் எட்டிப் பாரும்!