அண்ணாந்து பார்க்க வேண்டிய சிற்பி

ஃப்ளோரன்ஸ் போகிறவர்களில் பெரும்பாலோர் மிக்கேலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்க அக்காதெமியா அருங்காட்சியக வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நின்று பார்க்க வேண்டிய சிலைதான். ஆனால் மிக்கேலாஞ்சலோ பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துபோன டொனாடெல்லோ இல்லையென்றால் அந்தத் தாவீதும் இல்லை என்பது என் எண்ணம். அதனால்தான் அந்த நகரத்தில் அவரை மட்டுமே பின்தொடர்ந்து போகும் நடைப்பயணத்தில் சேர்ந்துகொண்டேன். எங்களை அழைத்துப் போனவர் கலை வரலாறு படித்த நடுவயதுப் பெண்மணி. பேராலயத்தின் முன்னால், வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட்டார்.

முதலில் அவர் சிலை எதையும் காட்டவில்லை; மனிதரைச் சொன்னார். 1386 வாக்கில் இதே நகரத்தில், கம்பளித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். முழுப்பெயர் டொனாத்தோ தி நிக்கோலோ தி பெத்தோ பார்தி. இளம் வயதில் கிபெர்ட்டியின் பட்டறையில் வேலை. நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே இருக்கும் திருமுழுக்குக் கோயிலுக்கு கிபெர்ட்டி வெண்கலக் கதவு செய்துகொண்டிருந்த காலம் அது. நண்பர் புரூனெல்லெஸ்கியுடன் ரோமாபுரிக்கும் போய், இடிபாடுகளைத் தோண்டி அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊரார் இவர்களைப் புதையல் தேடிகள் என்று நினைத்தார்களாம். ஒருவர் திரும்பி வந்து இந்தப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டினார். இன்னொருவர் கல்லுக்கு உடம்பைத் திருப்பிக் கொடுத்தார். 1427இல் டொனாடெல்லோ கொடுத்த வரிக்கணக்கு இன்னும் இருக்கிறது. அப்போது நாற்பதைத் தாண்டியவர், திருமணம் ஆகவில்லை. முதிய தாய், கணவனை இழந்த சகோதரி, அவளுடைய மகன் ஆகியோரை வைத்துக் காப்பாற்றி வந்தார் என்று அதிலிருந்து தெரிகிறது. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு அவர் எனக்கு வெறும் பெயராக இல்லை.

அங்கிருந்து கல்ஸாயுவோலி தெரு வழியாக ஓர்சன்மிக்கேலேக்கு நடந்தோம். தானியச் சந்தையாக இருந்து கோயிலான கட்டடம் இது. மேல் மாடிகள் நகரத்தின் தானியக் கிடங்காக இருந்தன. வெளிச்சுவரைச் சுற்றிலும் 14 மாடங்கள். நகரத்தின் தொழில் சங்கங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய மாடத்தில் தன் காவல் புனிதருக்குச் சிலை வைக்க வேண்டும். அவை தாமதித்ததால், பத்தாண்டுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்று 1406இல் கெடு விதித்தார்கள். வெண்கலம் பளிங்கைவிடப் பன்மடங்கு விலை. பணக்காரச் சங்கங்கள் கிபெர்ட்டியை வைத்து வெண்கலத்தில் வார்த்துக்கொள்ள, சிறிய சங்கங்கள் பளிங்கோடு டொனாடெல்லோவிடம் வந்தன.

லினன் துணி வணிகர்களுக்காக 1411 முதல் 1413 வரை அவர் செய்தது புனித மாற்கு. புனிதர் நிற்பது மெத்தை போன்ற ஒரு திண்டின் மேல். துணி வணிகர்களின் சிலை அல்லவா! உடம்பின் பாரம் முழுவதும் ஒரு காலில். அந்தக் காலின் மேல் அங்கியின் மடிப்புகள் தூணின் வரிகளைப் போல நேராக இறங்குகின்றன. தளர்ந்த காலின் மேல் துணி முழங்காலைத் தொட்டுச் சரிகிறது. அதற்கு முந்திய தலைமுறையின் புனிதர் சிலைகளில் துணிதான் இருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார். இவருக்கு உள்ளே இடுப்பு இருக்கிறது, எலும்பு இருக்கிறது.

இந்தச் சிலையைப் பற்றி வசாரி ஒரு கதை சொல்கிறார். கலைஞர்களின் வாழ்க்கையை 16ஆம் நூற்றாண்டில் தொகுத்து எழுதியவர் அவர். சிலையைத் தரையில் வைத்துப் பார்த்த சங்கத்தாருக்கு அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்றார்கள். "மேலே ஏற்றுகிறேன், அங்கேயே சில திருத்தங்கள் செய்கிறேன்" என்று கேட்டு வாங்கி, மாடத்தில் வைத்து 15 நாள் திரை போட்டு மூடினார் டொனாடெல்லோ. உளியைத் தொடவே இல்லை. திரையை விலக்கியதும் எல்லாரும் வியந்து பாராட்டினார்கள். வசாரி எழுதியதை எல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் டொனாடெல்லோவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை. பார்ப்பவர் எங்கே நிற்பார், எவ்வளவு கீழே இருப்பார், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் என்பதெல்லாம் முடிவான பிறகே அவர் கல்லில் கை வைத்திருக்கிறார்.

நாங்கள் தெருவில் நின்று பார்த்தது நகல். மூலச் சிலைகள் எல்லாம் காற்றுக்கும் புகைக்கும் பயந்து உள்ளே போய்விட்டன. மாற்கு இதே கட்டடத்தின் மாடியில் இருக்கிறார். கவசம் செய்பவர்களின் சங்கத்துக்காகச் செய்த புனித ஜார்ஜ், இரண்டு தெரு தள்ளி பார்ஜெல்லோவில் இருக்கிறார். ஜார்ஜ் முன்பு நின்ற மாடத்தின் முன் எங்களை நிறுத்தி, "இது ஏன் இவ்வளவு ஆழம் குறைவாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார் வழிகாட்டி. யாருக்கும் தெரியவில்லை. சுவருக்குப் பின்னால் மாடிப்படி போகிறதாம். மற்ற சிற்பிகள் இதைக் குறையாக நினைத்திருப்பார்கள். டொனாடெல்லோ தம் வீரனை மாடத்தின் விளிம்புக்கே கொண்டுவந்து, தெருவை நோக்கி நிற்க வைத்துவிட்டார். சிலையில் உள்ள துளைகளைப் பார்த்தால், உலோகத்தில் செய்த வாளும் தலைக்கவசமும் ஒருகாலத்தில் பூட்டியிருந்தன என்று தெரிகிறது. கவச வியாபாரிகளுக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்?

அடுத்து நாங்கள் போன பார்ஜெல்லோ ஒருகாலத்தில் நீதிமன்றமும் சிறையும். 1865 முதல் அருங்காட்சியகம். மாடியில் டொனாடெல்லோவின் பெயரிலேயே உயர்ந்த பெரிய கூடம். இங்கே ஜார்ஜைச் சுவரில் உயரே அமைத்த மாடத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த மரியாதையைச் செய்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். கேடயத்தைத் தரையில் ஊன்றி, கால்களை அகட்டி நிற்கும் அந்த இளைஞன் கீழே இருந்து பார்க்கும்போது துணிச்சலாகத்தான் தெரிகிறான். புருவத்தை மட்டும் கவனித்தால் உள்ளே ஒரு நடுக்கம் இருக்கிறது. பயப்படாத வீரனை யார் வேண்டுமானாலும் செதுக்கிவிடலாம். பயத்தோடு நிற்பவனைச் செதுக்குவது கடினம்.

அவன் காலடியில், ஜார்ஜ் பறவை நாகத்தைக் குத்தும் புடைப்புச் சிற்பம். குதிரை, குகை, கைகூப்பி நிற்கும் இளவரசி, அவள் பின்னால் வளைவுகள் கொண்ட கட்டடம், அதற்கும் பின்னால் மரங்கள். பார்த்தால் வெகு தூரம் போவது போல் இருக்கிறது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். சில இடங்களில் உளி வெங்காயச் சருகு அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது. ஸ்தியாச்சாத்தோ என்று இத்தாலியர் சொல்லும் இந்தத் தட்டைச் செதுக்கு முறையைத் தொடங்கி வைத்தவர் இவரே. கல்லைக் குடைந்து ஆழம் காட்டாமல், ஒளியையும் நிழலையும் வைத்தே காட்டிவிட்டார்.

கூடத்தின் நடுவே வெண்கலத் தாவீது. 158 செ.மீ. உயரம். பண்டைய ரோமானியர் காலத்துக்குப் பிறகு, எந்தச் சுவரையும் சாராமல் தனித்து நிற்கும்படி வார்க்கப்பட்ட முதல் நிர்வாண வெண்கலச் சிலை இது என்பார்கள். எந்த ஆண்டு செய்தது என்பதில் அறிஞர்களுக்கு ஒத்த கருத்து இல்லை. நகரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் மாளிகை முற்றத்தில் உயரமான பீடத்தின் மேல் நின்றிருந்தது. தொப்பியின் விளிம்பு முகத்தில் நிழல் போட, தாவீது குனிந்து பார்க்கிறான். காலடியில் கோலியாத்தின் தலை. நேருக்கு நேர் நின்றால் அவன் நம்மைப் பார்க்க மறுக்கிறான். சற்று மடங்கி, கீழிருந்து பார்த்தால்தான் கண்கள் நம்மேல் விழுகின்றன. நான் அப்படிப் பார்த்தேன். அங்கிருந்து நகர மனமில்லை.

சிஞோரியா சதுக்கத்தில் நின்று வழிகாட்டி சொன்னது அரசியல் கதை. அங்கே விவிலியத்தின் யூதித்து, தன் மக்களைத் தாக்க வந்த படைத்தலைவன் ஒலோபெரினின் முடியைப் பிடித்துக்கொண்டு வாளை ஓங்கி நிற்கிறாள். இதுவும் நகல், மூலம் எதிரே உள்ள பழைய அரண்மனைக்குள் இருக்கிறது. மெடிச்சியின் தோட்டத்தில் இருந்த சிலை இது. 1494இல் அந்தக் குடும்பத்தை நகரம் விரட்டியடித்தபோது, மக்கள் அரசு யூதித்தை எடுத்துவந்து தன் வாசலில் நிறுத்தி, பொதுநலத்துக்கான முன்மாதிரி என்ற பொருள்படும் இலத்தீன் வாசகத்தையும் பொறித்தது. எந்தக் குடும்பம் செய்யச் சொல்லி வாங்கியதோ, அந்தக் குடும்பத்துக்கே எச்சரிக்கையாக அது மாறிவிட்டது. 1504இல் மிக்கேலாஞ்சலோவின் தாவீதுக்காக அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்தினார்கள். எங்கே எதை வைப்பது என்று விவாதித்த கூட்டத்தில், பெண் ஆணைக் கொல்வது முறையல்ல என்று ஒருவர் எழுந்து பேசியதும் பதிவாகியிருக்கிறது. எனக்கோ, அந்தச் சதுக்கத்தில் நிற்கும் எல்லா ஆண் சிலைகளையும்விட அவள்தான் பெரியவள்.

மதியத்துக்கு மேல் பேராலயத்தின் பின்னால் இருக்கும் அருங்காட்சியகம். பேராலயத்திலிருந்தும் மணிக்கோபுரத்திலிருந்தும் இறக்கிய சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. பேராலய முகப்புக்காக அவர் செய்த நற்செய்தியாளர் யோவான் உட்கார்ந்திருக்கிறார். நேராகப் பார்த்தால் இடுப்புக்கு மேலே உடல் அளவுக்கு மீறி நீளம். வழிகாட்டி எங்களைக் குனியச் சொன்னார். குனிந்ததும் நீளம் மறைந்தது, கம்பீரம் வந்தது. மணிக்கோபுரத்துக்காக 1415 முதல் 1436 வரை செய்த தீர்க்கதரிசிகளும் இப்படித்தான். அவர்களில் ஒருவர், அபக்கூக்கு என்று கருதப்படும் வழுக்கைத் தலையர். ஊரார் வைத்த பெயர் பூசணித் தலையன். வறண்ட உடம்பு, திறந்த வாய், தோளிலிருந்து விழும் பாரமான துணி. கோபுரத்தின் உயரத்திலிருந்து கீழே தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்குழிகளையும் துணி மடிப்புகளையும் ஆழமாக வெட்டியிருக்கிறார். செதுக்கும்போது "பேசு, பேசு" என்று அந்தக் கல்லைத் திட்டுவாராம்.

ஒரே கூடத்தில் எதிரெதிராக இரண்டு பாடகர் மேடைகள். அவர் காலத்துச் சிற்பி லூக்கா தெல்லா ரோப்பியாவின் மேடையில் குழந்தைகள் அழகாக, வழவழப்பாகப் பாடுகிறார்கள். 1433 முதல் 1439 வரை டொனாடெல்லோ செய்ததில் அவர்கள் கும்மாளமிட்டு ஓடுகிறார்கள். உளி வேலை முரடாகத்தான் விடப்பட்டிருக்கிறது. பேராலயத்தின் இருட்டில், உயரத்தில், அந்த முரட்டு வேலைதான் எடுபட்டது என்று வசாரியே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதே அருங்காட்சியகத்தில் இருக்கும் மக்தலேனாவிடம் வருகிறேன். இவள் உயரத்துக்காகச் செய்யப்பட்டவள் அல்ல. நம் உயரத்திலேயே நிற்கிறாள். மரத்தில் செதுக்கியது. பாவத்துக்கு வருந்திப் பாலைவனத்தில் நோன்பிருந்து, உடல் வற்றி, தன் முடியே ஆடையாகிப்போன மரியாள். பற்கள் சில போய்விட்டன. கைகள் வணங்கக் குவிகின்றன, ஆனால் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. முழங்கால்களில் தசை இல்லை. அப்படியும் கால்கள் தரையை உறுதியாகப் பற்றியிருக்கின்றன. பல நூற்றாண்டுகள் திருமுழுக்குக் கோயிலில் இருந்தவள். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு நகரத்துக்குள் புகுந்தபோது சேற்று நீரில் சிக்கினாள். அவளைக் காப்பாற்றிச் சுத்தம் செய்தபோது, பின்னாளில் பூசப்பட்ட கரும்பழுப்பு மெழுக்கின் அடியில், வெயிலில் கறுத்த தோலின் நிறமும் முடியில் பொன்னின் கீற்றுகளும் வெளிப்பட்டன. வெள்ளம் வராமல் இருந்திருக்கலாம். அதில் இந்த நகரம் மனிதர்களையும் இழந்தது. ஆனாலும் அந்தப் பொன் முடியைப் பார்க்கையில், இவளை வெறும் துயரமாகச் செய்யவில்லை டொனாடெல்லோ என்பது உறுதியாகிவிடுகிறது.

கடைசியாக சான் லொரென்ஸோ கோயில். பாதுவா நகரத்தில் பத்தாண்டு இருந்து, கத்தமெலாத்தா என்ற படைத்தலைவரைக் குதிரைமேல் வெண்கலத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பியவர், முதுமையில் இங்கே இரண்டு வெண்கலப் பிரசங்க மேடைகளில் உழைத்தார். ஒரு பலகையில் 1465 ஜூன் 15 என்று தேதி பொறித்திருக்கிறது. அப்போது அவருக்கு எண்பது நெருங்குகிறது. கிறிஸ்து கல்லறையிலிருந்து எழும் காட்சியில் வெற்றிக் களிப்பே இல்லை. களைத்துப்போன மனிதர் தம் பிணத்துணியோடு மெல்லக் காலை எடுத்து வைக்கிறார். மேடைகளின் மிச்ச வேலையை முடித்தவர்களில் ஒருவர் பெர்த்தோல்தோ. பின்னாளில் மெடிச்சி தோட்டத்தில் இளைஞன் மிக்கேலாஞ்சலோவுக்கு வழிகாட்டியவர் அவரே என்று வசாரி எழுதுகிறார்.

டொனாடெல்லோ பணத்தைக் கூடையில் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பாராம்; உதவியாளர்களும் நண்பர்களும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மெடிச்சி குடும்பம் முதுமைக்கென ஒரு பண்ணையைக் கொடுத்தபோது, புறாக்கூண்டின் கூரை பறந்தது, வரிக்கு மாட்டைப் பிடித்தார்கள் என்று குடியானவன் ஓயாமல் வந்து முறையிட்டதில், நிம்மதியே போதும் என்று பண்ணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1466 டிசம்பர் 13 அன்று இறந்தார். கோசிமோ தெ மெடிச்சியின் கல்லறைக்கு அருகே, இந்தக் கோயிலின் அடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

மூலச் சிலைகளை உள்ளே எடுத்து வைத்தது சரிதான். இல்லையென்றால் புகையும் மழையும் அவற்றைத் தின்றிருக்கும். ஆகவே ஃப்ளோரன்ஸ் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் ஓர்சன்மிக்கேலே தெருவில் நின்று மாடங்களை அண்ணாந்து பாருங்கள். அதற்குப் பிறகு பார்ஜெல்லோவுக்குப் போங்கள்; அது எல்லா நாளும் திறந்திருக்காது, நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சிலைகளின் முன்னால் கூச்சப்படாமல் குனியுங்கள், தரையில் உட்கார அனுமதித்தால் உட்காருங்கள். மக்தலேனாவுக்கு மட்டும் அரைமணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.