கோதாவரிக் கரையில் ஒரு பேனா

சென்னையிலிருந்து வங்கக் கடலை ஒட்டி வடக்கே ஏறத்தாழ 580 கிலோமீட்டர் சென்றால் ராஜமுந்திரி வரும். பொழுது புலரும் வேளையில் கொவ்வூரைக் கடந்ததும் வண்டி வேகம் குறைந்து, இரும்புப் பாலத்தின் மேல் தடதடவென்று ஏறியது. பெட்டியில் உறங்கிக் கிடந்தோர் பலரும் விழித்துக்கொண்டனர். கீழே கோதாவரி. கரை தெரியாத அந்நீர்ப்பரப்பைக் கண்டு சிலர் கைகூப்பினர். சிலர் சில்லறைக் காசுகளை எறிந்தனர். நானோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதில் கைக்குட்டையால் சுற்றிய பழைய பேனா ஒன்று இருந்தது. அதன்பொருட்டே இப்பயணம்.

ஒரு பேனாவுக்காக இவ்வளவு தூரமா என்று வாசக நேயர்கள் வியக்கலாம். என் மனைவியும் அவ்வாறே கேட்டாள். காரணத்தைச் சொல்லுமுன் என் பலவீனம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணி ஓய்வு பெற்ற நாள்முதல் ஊற்றுப்பேனாக்களைச் சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்காயிற்று. என் மேசை அறையில் பதினான்கு பேனாக்கள் உள்ளன. நீலம், கருநீலம், பச்சை, காவி என மைப்புட்டிகள் ஒரு வரிசை. மை ஊறாத நல்ல தாள்கள் ஒரு கட்டு. மாலை வேளைகளில் அவற்றைத் துடைப்பதும், மை ஊற்றி இரண்டு வரி எழுதிப் பார்ப்பதும், மீண்டும் கழுவி வைப்பதும் பேரின்பமாய் இருந்தன. அவ்விரண்டு வரிகள் யாருக்கும் எழுதப்பட்டவை அல்ல என்பது அப்போது என் மனத்தில் உறைக்கவில்லை.

தகப்பனாரின் பேனா

பதினைந்தாவது பேனா என் தகப்பனாருடையது. அவர் எங்கள் பங்கின் பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்தவர். 1974-ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்ற நாளன்று, ரயில்வேயில் பணியாற்றிய பழைய மாணவர் ஒருவர் ராஜமுந்திரியிலிருந்து வாங்கி வந்து அளித்த பேனா அது. கரிய எபோனைட் உடல், பெரிய நிப்பு, கைக்கு அடங்கிய கனம். பங்குச் சுவாமியாருக்குத் துணையாக ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் அவர் அப்பேனாவாலேயே எழுதினார். வெளியூரிலிருந்த எங்களுக்கு வாரம் ஒரு கடிதமும் அதனாலேயே வரும். கடிதத்தின் தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று எழுதாமல் அவர் ஒரு வரியும் தொடங்கியதில்லை.

நாள்தோறும் காலையில் அதற்கு மை ஊற்றிக் கொடுக்கும் உரிமை என் தமையனாருடையது. ஒரு துளியும் சிந்தாமல் அவர் ஊற்றும் நேர்த்தியைத் தகப்பனார் புகழ்வார். எனக்கு அந்த வேலை கிடைத்ததே இல்லை.

1991-இல் தகப்பனாரும், 2009-இல் தாயாரும் இறைவனடி சேர்ந்தனர். வீட்டுச் சாமான்களைப் பிரித்த நாளில், யாரிடமும் கேட்காமல் அப்பேனாவை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்றுமுதல் அவரிடமிருந்து கடிதம் நின்றது. திருமண வீடுகளில் கண்டால் நலம் விசாரிப்போம், அவ்வளவே. எடுத்து வந்த பேனாவையாவது பேணினேனா? மையோடு பெட்டியில் போட்டு மறந்தேன். சென்ற ஆண்டு திறந்தபோது மை கல்லாய் உறைந்திருந்தது, கரிய உடல் மங்கிப் பழுப்பேறியிருந்தது, நிப்பு அசையவில்லை. அது பிறந்த ஊரிலேயே அதைச் செப்பனிடுவது என்று முடிவு செய்தேன்.

ராஜமகேந்திரபுரம்

ராஜமுந்திரி நமக்கு அந்நிய ஊரன்று. இராசராச சோழனின் மகள் குந்தவையின் மகனே, இவ்வூரைத் தலைநகராய்க் கொண்டு ஆண்ட ராஜராஜ நரேந்திரன். அவன் மணந்ததும் இராசேந்திர சோழனின் மகளை. அவர்கள் பெற்ற மைந்தனே பின்னர் முதற் குலோத்துங்கனாய்ச் சோழ அரியணை ஏறினான். அந்த நரேந்திரனின் அவையில்தான் நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். எனவே எழுத்துக்குப் பேர்பெற்ற ஊர் இது. 2015 முதல் ராஜமகேந்திரவரம் என்னும் பழம்பெயரே அரசின் பெயராயிற்று. எனினும் மக்கள் நாவில் இன்றும் ராஜமுந்திரிதான்.

படித்துறையில் நின்றால் பாலங்கள் வரிசையாய்த் தெரிகின்றன. 1900-இல் திறக்கப்பெற்று 1997-இல் ஓய்வுபெற்ற ஹாவ்லக் பாலம். மேலே சாலையும் கீழே இருப்புப்பாதையுமாய் 1974-இல் அமைந்த பாலம். வில்வளைவுகள் கொண்ட புதிய ரயில் பாலம். சற்றுத் தெற்கே தவளேஸ்வரம். அங்கே 1852-இல் அணை கட்டி முடித்த ஆர்தர் காட்டன், அதற்குமுன் 1830-களில் நம் கொள்ளிடத்தில் மேலணை கட்டியவர். கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையின் நுட்பத்தை வியந்து கற்றவர். காவிரியில் கற்ற பாடம் கோதாவரியில் பயன்பட்டது.

குண்டூசி முதல் பேனா வரை

இவ்வூரின் பேனாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. கோசூரி வெங்கட ரத்னம் என்பவர் இங்கே பொற்கொல்லர் மரபில் வந்த கைவினைஞர். குண்டூசி முதல் பேனா வரை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற சுதேசி எண்ணத்தால் தூண்டப்பெற்று, 1930-களின் தொடக்கத்தில் ஊற்றுப்பேனா செய்ய முற்பட்டார். அந்நாளில் பேனா என்றாலே சீமைச் சரக்கு. முதலில் அவர் செய்த பேனாவில் அயல்நாட்டு உறுப்பு கலந்திருந்ததால் காந்தியடிகள் அதை ஏற்கவில்லை என்று சொல்வர். ரத்னம் சோர்ந்துவிடவில்லை. நிப்பு உள்பட அனைத்தையும் தம் பட்டறையிலேயே செய்து மீண்டும் அனுப்பினார்.

அப்பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர் நம் தமிழர். தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்று, கோட்டும் சூட்டுமாய் வாழ்ந்தவர், அனைத்தையும் துறந்து கதராடை பூண்டார். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளரானார். 1935 ஜூலையில் காந்தியடிகள் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். குமரப்பா வாயிலாகப் பேனா கிடைத்தது, எழுதிப் பார்த்தேன், கடைகளில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்பது அதன் கருத்து. குமரப்பா பின்னாளில் சிறையிலிருந்தபடி நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும், இயேசுவின் வாழ்வு நெறியைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். எறிந்துவிட்டு வேறு வாங்கும் பழக்கத்துக்கு எதிராய் வாழ்நாளெல்லாம் பேசிய அவர் கைவழியே, தலைமுறை தாண்டி உழைக்கும் பேனா ஒன்று சென்றது பொருத்தமே. ரத்னத்தின் வழிவந்தோர் இன்றும் இவ்வூரில் அத்தொழிலை நடத்துகின்றனர்.

வங்காளத்திலும் இவ்வாறே 1934-இல் சுலேகா மை பிறந்தது. 1980-களின் இறுதியில் மூடப்பட்ட அத்தொழிற்சாலை 2006-இல் மீண்டும் திறந்தது. இப்போது அதன் ஊற்றுப்பேனா மையும் திரும்ப வந்துள்ளது.

பட்டறையில்

பேனா செய்யும் சிறு பட்டறை ஒன்றில் நெடுநேரம் அமர்ந்து பார்த்தேன். எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாய்க் கலந்து வேகவைத்துக் கடினமாக்கிய பொருள். கோலாய் வரும் அதை அளவாய் அறுத்து, கடைசல் இயந்திரத்தில் பிடித்து, உள்ளே துளையிட்டு, மரை வெட்டி, வெளிப்புறம் கடைகின்றனர். உளி படும்போது கரிய சுருள்கள் உதிர, கந்தக வாடை எழுகின்றது. பிறகு உப்புத்தாளாலும் துணியாலும் மெருகேற்றுகின்றனர். நாக்கட்டை என்று பள்ளியில் நாம் அழைத்த உறுப்பே பேனாவின் உயிர். அதிலுள்ள மயிரிழைக் காடியின் வழியே மை நிப்புக்கு இறங்க, அதே வழியில் காற்று உள்ளே ஏற வேண்டும். இரண்டும் ஒத்துச் செல்லாவிடில் பேனா ஒன்று வறளும், அல்லது கக்கும்.

என் தகப்பனாரின் பேனாவை வாங்கிப் பார்த்த முதிய கைவினைஞர் என்னை நிமிர்ந்து நோக்கினார். “மையோடு வைத்துவிட்டீர்களே” என்று உடைந்த தமிழில் சொன்னார். சினந்து சொல்லவில்லை, அதனாலேயே அதிகம் சுட்டது. கழுத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தார். வெந்நீர் கூடாதாம், எபோனைட் நிறம் மங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குப்பின் கிண்ணத்து நீரில் நீலம் மெல்லக் கசிந்தது. முப்பது ஆண்டுகளுக்குமுன் தகப்பனார் ஊற்றிய மையன்றோ அது! நான் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாக்கட்டையை மெல்ல உருவிக் காடியைச் சுத்தம் செய்தார். அதைச் சூடாக்கி நிப்போடு பொருந்த அழுத்தினார். உடலைக் கடைசலில் ஏற்றி மெருகிட்டார். கருமை திரும்பியது. “நிப்பை மாற்றட்டுமா?” என்று கேட்டு, உருப்பெருக்கியால் அதன் நுனியைப் பார்த்தார். பின்பு தாமே தலையசைத்து மறுத்தார். எழுதியவர் கைக்கேற்ப ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதாம். இன்னொருவர் எழுதினால் சற்றுக் கீறும். அந்தக் கையின் சாய்வு உள்ளவருக்கு வழுக்கிக்கொண்டு போகும் என்றார்.

எழுதிப் பார்த்தேன். கீறியது. அண்ணனின் கையெழுத்து நினைவுக்கு வந்தது. தகப்பனாரைப் போலவே வலப்புறம் சாய்ந்து எழுதுபவர் அவர்.

மையும் தாளும்

அன்று மாலை கடைவீதியில் கருநீல மை ஒரு புட்டியும், கோடிடாத தாள் ஒரு கட்டும் வாங்கினேன். மையைப் பற்றி ஒரு செய்தி: நாட்பட்ட பதிவேடுகளை எழுதிய பழைய கருநீல மை இரும்பு உப்பும் மரக்காய்த் துவர்ப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தோன்றும். கண்ணுக்குத் தெரியவே நீலச் சாயம் சேர்ப்பர். காற்றுப்பட, அது தாளின் இழைக்குள்ளேயே கறுத்து, நீரிலும் அழியாததாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதை நம் பாட்டிமாரும் அறிவர். ஆனால் அத்தகைய மையைப் பேனாவில் உலரவிட்டால் எஃகு நிப்பை அரிக்கும், வழியை அடைக்கும். நிலைத்து நிற்பதற்குக் கவனிப்பே விலை.

படித்துறையில் அமர்ந்தேன். ஆற்றின்மேல் இருள் கவிந்தது. பாலத்தில் விளக்குகள் ஓடின. தாளின் தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று எழுதினேன். “அன்புள்ள அண்ணனுக்கு” என்று தொடங்க ஒரு நாழிகை ஆயிற்று. ‘உங்களைக் கேட்காமல் எடுத்தேன், எடுத்ததைப் பேணவும் இல்லை, இது என் கைக்குக் கீறுகிறது, உங்கள் கைக்கு ஓடும்’ என்பதே கடிதத்தின் சாரம். அக்கடிதத்தைத் தகப்பனாரின் பேனாவாலேயே, கீறக் கீற எழுதி முடித்தேன். ஊர் திரும்பியதும் பேனாவைக் கழுவி உலர்த்தி, கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் பதிலில்லை. தபால்காரர் வரும் வேளையில் திண்ணையில் உட்கார்ந்துகொள்ள நான் கற்றுக்கொண்டேன்.

பின்னர் ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. வலப்புறம் சாய்ந்த எழுத்து. தலைப்பில் ‘சேசு மரி சூசை’. பழைய மனத்தாங்கலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “பேனா கிடைத்தது. மதிய வெயிலில் ஒரு சொட்டுக் கக்குகிறது. மை பாதிக்குக் கீழே இறங்கினால் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அதனால்தான் அப்பா காலையிலேயே நிறைய ஊற்றச் சொல்வார். உனக்குத் தெரிந்திருக்காது. நான் தினமும் ஊற்றுகிறேன். ஈஸ்டருக்கு வா” என்று எழுதியிருந்தார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு மைக்கறை. அதை ஒற்றி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தினரே, பேனா சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கே. சென்னைப் பாரிமுனையிலும் திருவள்ளூரிலும் எபோனைட் பேனா செய்வோர் இன்றும் இருக்கின்றனர். பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை குளிர்ந்த நீரில் கழுவவும், வெயிலில் வைக்காதிருக்கவும் கற்பியுங்கள். அத்துடன் அதைக்கொண்டு எழுதுவதற்கு ஒரு பெயரையும் சொல்லிக் கொடுங்கள்: ஊரிலிருக்கும் பாட்டி, விடுதியில் படிக்கும் அக்காள், பேச்சு நின்றுபோன ஒரு சித்தப்பா. என் மேசையில் இப்போதும் பதினான்கு பேனாக்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் மட்டும் மை ஊற்றி வைக்கிறேன். அவை உலர்வதற்கு நான் இடங்கொடுப்பதில்லை. ஞாயிறுதோறும் அண்ணனுக்கு எழுத வேண்டியிருக்கிறது.