ராடைக் கழற்றுமுன் சக்கரத்தை நிறுத்துங்கள்
2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, கீரமங்கலம் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. கொட்டகையில் கிடந்த பழைய ஆயில் இன்ஜினை ஒரு விவசாயி பிரித்துக்கொண்டிருந்தார். சேதக் கணக்கெடுக்கப் போன நானும் பக்கத்தில் நின்றேன். கனெக்டிங் ராடு போல்ட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தியதும் பிளைவீல் சுழன்றது. உள்ளே இருந்த விரல் நுனி நசுங்கிவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

மறுநாள் மெக்கானிக் வந்து பிரித்தார். அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். முதலில் டீசலை மூடி, பிளைவீல் இருபுறமும் அசையாதபடி கட்டை கொடுங்கள். ராடையும் அதன் கேப்பையும் சேர்த்தே கடைந்திருப்பார்கள். கேப்பைத் திருப்பியோ மாற்றியோ போட்டால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எண் இல்லாவிட்டால், கழற்றுமுன் இரண்டிலும் பெயின்ட்டால் குறி வையுங்கள். ராடிலேயே நிற்கும் போல்ட் முனைகளுக்கு ரப்பர் டியூப் துண்டு மாட்டினால் கிராங்க் கீறாது. பூட்டும்போது புதிய போல்ட் போட்டு, இன்ஜின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஓடும்போது போல்ட் அறுந்தால், ராடு இன்ஜினையே உடைத்துவிடும்.

அன்று மாலையே இன்ஜின் தண்ணீர் இறைத்தது. அவருக்குத்தான் அந்த விரலால் இன்றும் மல்லிகை பறிக்க முடியவில்லை.