கண்ணுக்குத் தெரியாத கடைவீதி

வீட்டில் பக்குவமாகச் செய்த பண்டத்தைக் கைப்பேசி வழியே விற்றுப் பொருளீட்டலாம் என்னும் ஆசை இன்று பல இல்லங்களில் துளிர்த்துள்ளது. வரவேற்கத்தக்க ஆசைதான். ஆயினும் புதிய கடைவீதியில் கால் வைக்குமுன் அதன் மேடு பள்ளங்களை அறிந்து கொள்வது நலமல்லவா?

என் தங்கை மகளின் கணவர் 2023-இல் வளைகுடா வேலையை இழந்து கீழக்கரைக்குத் திரும்பினார். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் அவ்வூர்த் தொதலை இணையத்தில் விற்க அவள் முனைந்தாள். "ஒரே மாதத்தில் ஓர் இலட்சம் பேரை உங்கள் பக்கத்தில் சேர்த்துத் தருகிறோம்" என ஒருவர் ஆசை காட்ட, கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கவும் துணிந்தாள். "சற்றுப் பொறு மகளே, முதலில் கணக்கைப் போடு" என்றேன்.

போட்டோம். பொட்டலத்தின் விலை 300 ரூபாய். சரக்குக்கு 170, பெட்டிக்கு 25, கூரியருக்கு 70 போக எஞ்சுவது 35 ரூபாய். பத்தில் ஒன்று வழியில் கெட்டுப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால், ஒன்பதில் கிடைத்த 315 ரூபாயில் 265 கரைந்து 50 ரூபாயே மிஞ்சும். இதில் விளம்பரக் கடனுக்கு இடமேது? சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பொட்டலத்தைச் செம்மைப்படுத்தி, விலையைத் திருத்தி, தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும் விற்கத் தொடங்கினாள்.

வாசகர்களே, விலைக்கு வாங்கிய கூட்டம் தலைகளை எண்ணிக் காட்டுமேயன்றிப் பண்டத்தை வாங்காது. அறிமுகமில்லாதோருக்கு வாட்ஸ்அப்பில் ஓயாது செய்தி அனுப்பினால், அவர்கள் முறையிட உங்கள் எண்ணே முடக்கப்படலாம். உறவினரைக் கொண்டு பொய்ப் பாராட்டு எழுதுவிப்பதும் வேண்டாம். இணையக் கருத்துரைகளின் நேர்மைக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரவிதியை வெளியிட்டுள்ளது. உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெற்றுக் கொண்டே விற்பனையைத் தொடங்குங்கள்.

மற்றோர் எச்சரிக்கை: பெருந்தொகைக்குச் சரக்குக் கேட்டு, "பணம் வந்து சேர இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பவர் மோசடிக்காரர். யூ.பி.ஐ. முறையில் அவ்வெண் பணம் செலுத்தவே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. ஏமாந்து விட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

நேரில் வாங்குபவர் பண்டத்தைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கிறார். இணையத்தில் வாங்குபவரோ உங்கள் சொல்லை மட்டுமே நம்பிப் பணம் அனுப்புகிறார். படத்தில் காட்டியதையே அனுப்புங்கள். சொன்ன எடையில், சொன்ன நாளில் அனுப்புங்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் கேட்டு வருகிறாரா என்று பாருங்கள். அதன் பிறகு விளம்பரத்துக்குச் செலவிடுவது பற்றி எண்ணலாம். அதுவும் இலாபத்திலிருந்தே ஆகட்டும், வீட்டு நகையிலிருந்து வேண்டாம்.