சும்மா இருக்கும் கருவி

பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிகிறது. அதற்கப்பால் போவதென்றால் கீழேதான். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். தங்கத்துக்காகத் தோண்டியது இயற்பியலுக்கும் வாய்த்தது.

*

தரைமட்டத்தில் உள்ளங்கை மீது, வானிலிருந்து வரும் மியூவான் துகள் நொடிக்கு ஒன்றாவது விழுகிறது. 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தங்கவயலில் சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவி வைத்து இரண்டு மாதம் பார்த்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. அந்தச் சுழியம்தான் வரவு. இத்தனை அமைதியான இடத்தில், பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ எப்போதாவது மோதினால் அதன் தடம் தனித்துத் தெரியும். 1965இல் 2.3 கி.மீ. ஆழத்தில் அகப்பட்டது, உடன் உழைத்தவர்கள் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இயற்பியலாளர் ரைன்ஸின் குழுவுக்கும் கிடைத்தது.

*

1980: புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கத் தங்கவயலில் 140 டன் கருவி இறங்கியது. இரும்புத் தகடு, எண்ணிக் குழாய், மறுபடி இரும்புத் தகடு என்று அடுக்கடுக்காக. சில தடங்கள் சிதைவு போலத் தெரிந்தன. பின்னால் வந்த பெரிய கருவிகள் ஆமோதிக்கவில்லை.

*

இதே காத்திருப்பு பின்னாளில் இன்னொரு கேள்விக்கும் உதவியது: வெளியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம்? மிகச் சிறிய இடத்தைப் பார்க்க மிகப் பெரிய ஆற்றல் வேண்டும். அதை ஓரிடத்தில் குவித்தால் ஈர்ப்பு அந்த இடத்தையே கருந்துளையாக்கி மூடிவிடும். ஆக 10⁻³⁵ மீட்டர் அளவில் 'இந்தப் புள்ளி' என்று சுட்ட முடியாது. இதைக் கணக்கில் எழுத ஒரு வழி: பள்ளியில் படித்த பரிமாற்றுப் பண்பைக் கைவிடுவது. x, y என்ற ஆயங்களைப் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும். வித்தியாசத்தின் அளவு θ.

சிக்கல்: θ நிலையாக நின்றால் வெளிக்குத் தனித் திசை வந்துவிடுகிறது. எப்பக்கம் திரும்பினாலும் விதி ஒன்றே என்ற சமச்சீர் உடைகிறது. சமச்சீரையே சற்று முறுக்கிக் காப்பாற்றலாம். ஆனால் முறுக்கு, துகள்களை இடம் மாற்றும் விதியில் போய் விழுகிறது. நிரம்பிய கூட்டில் இன்னொரு எலக்ட்ரானுக்கு இடமில்லை என்ற பௌலி தவிர்ப்புத் தத்துவம் கசியலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அல்லாடி ராமகிருஷ்ணனிடம் ஆய்வு செய்து, சிரக்யூஸில் பல்லாண்டு கற்பித்த ஏ.பி. பாலச்சந்திரன் இதில் முன்னோடி. 2010இல் சகாக்களோடு அணுக்களில் அந்தக் கசிவை எங்கே தேடுவது என்று எழுதினார்.

*

தேடியது இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகம்; 1,400 மீட்டர் பாறைக்கு அடியில். ரோமானியர் காலத்து ஈயம், பக்கத்தில் ஜெர்மேனியம் உணர்கருவி. பழைய ஈயத்தில் கதிரியக்கம் தணிந்திருக்கும். இரண்டு எலக்ட்ரானால் நிரம்பிய கூட்டில் மூன்றாவது விழுந்தால் எக்ஸ் கதிரின் ஆற்றல் சற்று நகரும். 2022 முடிவு: அப்படி எதுவும் தென்படவில்லை. அந்த ஒரு 'இல்லை'யிலேயே பரிமாற்றுப் பண்பற்ற ஈர்ப்பு மாதிரிகளில் ஒரு வகைக்குக் கடும் வரம்பு விழுந்தது. துகள்முடுக்கி எட்டாத இடத்தைக் காத்திருப்பு எட்டியது.

*

இந்தக் காத்திருப்பை முதலில் பழகிய இடங்களில் தங்கவயலும் உண்டு. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். பம்பு நின்றது, நீர் ஏறியது. மூடும்போது பார்த்தது தங்கத்துக்கு ஆகும் செலவை. மியூவான் வராத இரண்டு மாதத்தை வரவு வைக்க அந்தப் பேரேட்டில் பத்தி கிடையாது.