கல்வெட்டும் கல்வெர்ட்டும்

என் மாமா ஒரு மலை ரோட்டை மூன்றாம் கியரை வைத்துத்தான் அளப்பார். ஒட்டன்சத்திரத்தில் கிளம்பி, வடகாடு தாண்டி, பரப்பலாறு அணை கண்ணில் பட்டு மறைந்து, பாச்சலூர் போய்ச் சேருகிற வரைக்கும் அவருடைய இடது கை கியர் கம்பியின் மேலேயே இருக்கும். வண்டி மூன்றில் இழுக்கிற இடத்தில் ரோடு போட்டவன் யோசித்திருக்கிறான். ஒன்றுக்கு இறக்க வேண்டிய இடத்தில் அவனுக்குப் பசித்திருக்கிறது. "சோத்து நேரம் ஆயிருக்கும் கண்ணு. நேரா மேல ஏத்தி உட்டுட்டுப் போயிட்டான்."

இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாதையில் வாழைத்தாரும் காப்பிக்கொட்டையும் மிளகு மூட்டையும் கீழே இறக்குகிறவர். ரோட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவர்தான். கல்லூரியெல்லாம் அப்புறம்.

இப்போது சென்னையில் ஓர் ஆலோசனைப் பொறியியல் நிறுவனத்தில் இருக்கிறேன். சாலையையும் பாலத்தையும் கட்டுகிற கம்பெனி இல்லை, எப்படிக் கட்ட வேண்டும் என்று காகிதத்தில் சொல்கிற கம்பெனி. அதில் இப்போது நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. விருதுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன்.

ஆமாம், ரோட்டுக்கும் விருது உண்டு. அமெரிக்காவில் ஆலோசனைப் பொறியியல் நிறுவனங்களின் கவுன்சில் வருஷா வருஷம் விருந்து வைத்துக் கொடுக்கிறது. பொறியியலின் ஆஸ்கர் என்று அந்தத் தொழிலில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 1913-இல் தொடங்கப்பட்ட ஃபிடிக் என்ற உலகக் கூட்டமைப்பும் கொடுக்கிறது. நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கென்று தனி விருதுகள் வைத்திருக்கிறது. (அதே துறையின் அமைச்சர் நிதின் கட்கரி 2025 மார்ச்சில், சாலை விபத்துகளுக்குக் காரணமே மோசமான திட்ட அறிக்கை எழுதும் பொறியாளர்களும் ஆலோசகர்களும்தான் என்று மேடையில் சொன்னார். எங்கள் ஆபீசில் அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை.)

விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன புதுமை? என்ன சிக்கல்? சமூகத்துக்கு என்ன பயன்? வாடிக்கையாளர் எதிர்பார்த்ததைத் தாண்டி என்ன செய்தீர்கள்? கூடவே நல்ல படங்கள். தவறான கேள்விகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மலை ரோடு நல்ல ரோடா என்பதை இந்தக் கேள்விகளால் கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்று வருஷமாக எனக்குச் சந்தேகம். அதற்குக் காரணம் பாச்சலூர் பாதை மட்டுமில்லை. நானும்தான்.

முதலில் பாதை. மலை ரோட்டின் எதிரி மலை இல்லை, தண்ணீர். மலையைக் குடைந்து ரோடு போடுவது என்பது, காலங்காலமாக மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்த தண்ணீரின் குறுக்கே ஒரு திண்ணை கட்டுவது மாதிரி. மேலே வெட்டிய சரிவுக்கும் மேலாக ஒரு வாய்க்கால், ரோட்டோரம் ஒரு வாய்க்கால், குறுக்கே அடியில் சிறுபாலங்கள், பள்ளத்துப் பக்கம் தாங்கு சுவர். அந்தச் சுவரில் வரிசையாக விடுகிற ஓட்டைகள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகக் கசிந்து வெளியே வர வேண்டும். வராவிட்டால் சுவரே கீழே போகும்.

சரிவுக்கும் கணக்கு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு, 1934-இல் தொடங்கியது. பெயரைக் கேட்டால் கட்சி மாதிரி இருக்கும், ஆனால் நாட்டில் போடும் ரோடுகளுக்கு விதி எழுதுவது அதுதான். மலையில் வழக்கமான ஏற்றம் 20-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. இருபது மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரலாம். கொண்டை ஊசி வளைவில் அதைவிடத் தட்டையாக, 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். மாமாவுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. ஆனால் எந்த வளைவில் எண்ணைத் திருடியிருக்கிறார்கள் என்று தெரியும். "இந்தத் திருப்பத்துல லோடு வண்டிய ஒரே மடக்குல திருப்ப முடியாது, பின்னால எடுத்துத்தான் திருப்பணும். பின்னால என்ன இருக்கு? ஒண்ணுமில்ல." நிஜமாகவே ஒன்றுமில்லை, மூங்கில் தலைகள் தெரியும் பள்ளம்தான்.

ஊரில் சிறுபாலத்தைக் கல்வெர்ட் என்று சொல்ல வராமல் கல்வெட்டு என்பார்கள். சின்ன வயதில் எனக்கு ரெண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ராஜராஜன் கல்வெட்டு என்று டீச்சர் சொன்னபோது, தஞ்சாவூரில் ராஜா நிறைய தண்ணீர்க் குழாய் பதித்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. ஒவ்வொரு ரோட்டிலும் ரெண்டும் இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர், எம்.எல்.ஏ. பெயர், கலெக்டர் பெயர் இருக்கும். ரோட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் கல்வெர்ட் இருக்கும். அதை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று மழையில் நின்று பார்த்து முடிவுசெய்த ஆளின் பெயர் எங்கேயும் இருக்காது.

எங்கள் பழனி மலைகளிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதைக்கு லாஸ் காட் என்று பெயர். 1870-களில் அந்தத் தடத்தை வகுத்த மேஜர் லா என்ற பொறியாளரின் பெயர். பணமில்லாமல் வேலை நின்று, மோட்டார் வண்டி ஏறுகிற சாலையாக முடிய முதல் உலகப்போர்க் காலம் வரை ஆகிவிட்டது. அதற்கு முன்னால் துரைமார்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் மேலே போனார்கள். டோலி தூக்கியவர்கள் பெயரில் எந்தப் பாதையும் இல்லை. இருந்தாலும், ஒரு தடத்தைக் கண்டுபிடித்ததற்காக ஒருவரை நூற்றைம்பது வருஷம் ஞாபகம் வைத்திருப்பது சின்ன விஷயமில்லை. எந்த ஷீல்டும் அவ்வளவு நாள் நிற்காது.

எல்லா அங்கீகாரமும் போலி என்று சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் தூண்களுக்கு மேலே இருந்த கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார், முப்பத்திரண்டு வயது ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் கிடந்த கர்டர்களையே தூக்கி மீண்டும் வைத்தார்கள். அதற்கு ரயில்வே அமைச்சர் விருது கிடைத்தது. அதைக் கொடுக்க யாரும் படமோ விண்ணப்பமோ கேட்டிருக்க மாட்டார்கள். பாலத்தின் மேல் ரயில் ஓடியது, அது போதும்.

இன்னொருவர் மாதவி லதா. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யின் பேராசிரியர், மண்ணும் பாறையும் அவருடைய துறை. ஆற்றுப்படுகைக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் ரயில் பாலத்துக்கு 17 வருஷம் ஆலோசகராக இருந்தவர். அங்கே தோண்டத் தோண்டப் பாறை வேறு மாதிரி வந்தது, முறிந்த பாறை, எதிர்பாராத பொந்துகள். முதலில் வரைந்ததை அப்படியே கட்ட முடியாது, போகப் போக வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது என்று ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். 2025 ஜூன் 6-ஆம் தேதி பாலம் திறந்ததும் ஊடகங்கள் அவரை ஒற்றை ஆளாகப் பாலத்தைத் தூக்கி நிறுத்திய பெண்ணாக ஆக்கிவிட்டன. அவர் லிங்க்ட்இனில், அதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு, பாராட்டுக்குரிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி, சரிவை நிலைப்படுத்துவதிலும் சரிவின் மேல் அடித்தளம் அமைப்பதிலும் உதவியதுதான் என் பங்கு என்று எழுதினார். தேவையில்லாமல் பிரபலமாக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் மேஜைக்குப் பின்னால், ரிசப்ஷனில், ஒரு கண்ணாடி ஷீல்டு இருக்கிறது.

வேறொரு மாநிலத்து மலைச் சாலை அது. பெயர் வேண்டாம். விண்ணப்பம் எழுதும் வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் அங்கே வடிகால் வரைபடம் போடுகிற ஜூனியர். பதினோராவது கிலோமீட்டரில் ரெண்டு கல்வெர்ட் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். ஓரவாய்க்காலை கொஞ்சம் பெரிதாக்கி அந்தத் தண்ணீரை அடுத்த கல்வெர்ட்டுக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது நான்தான். கணக்கு சரி, இன்றைக்கும் சரிதான். ஆனால் நான் அந்த இடத்தைப் பார்த்தது சர்வே ஆட்கள் அனுப்பிய படத்தில், வெயில் காலத்தில். ஓடை காய்ந்து கிடந்தது. பாச்சலூரில் வளர்ந்தவளுக்குக் காய்ந்த ஓடை என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மழையில் சரிவிலிருந்து மண்ணும் வேர்க்கட்டையும் இறங்கி ஓரவாய்க்காலை அடைத்தது. அடுத்த கல்வெர்ட்டுக்குப் போக வேண்டிய தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டி, தாங்கு சுவருக்குப் பின்னால் இறங்கியது. பாதி ரோடு போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று வாரம் பால் வண்டி ஏறவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தில் இறங்கி நடந்து தாண்டினார்கள். அதற்குள் விருது விண்ணப்பம் போய்விட்டது. படங்களெல்லாம் பங்குனி மாசம் எடுத்தது. என்ன அழகான படங்கள்!

ஷீல்டு வந்த நாளில் ஊருக்குப் போன் செய்து சொன்னேன், கம்பெனிக்குப் பெரிய விருது என்று. மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த மாசம் வந்து பாத்தாங்க?"

யாருமே வந்து பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்தாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அதிகாரம் இருந்தால் மூன்று ஐப்பசி–கார்த்திகை தாண்டாத எந்த மலை ரோட்டுக்கும் விருது கிடையாது என்று வைப்பேன். விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ப்பேன்: இந்த ரோட்டின் வாய்க்காலைத் தள்ளுகிறவர் யார்? தமிழ்நாட்டில் அந்த வேலைக்குச் சாலைப் பணியாளர் என்று பெயர். 1997-இல் நெடுஞ்சாலைத் துறையில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006-இல் திரும்ப எடுத்தார்கள். இடையில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு சாக்கு இலை போதும், கல்வெர்ட் அடைத்துக்கொள்ள. என் பதினோராவது கிலோமீட்டரில் ஒரு ஆள் மண்வெட்டியோடு இருந்திருந்தால், நான் செய்த தப்பு இன்னும் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெளிவாகவில்லை.

போன கார்த்திகையில் மாமா வண்டியில் மேலே போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. அணை தாண்டி ஏறும்போது எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும், அதுதான் மலை வழக்கம். ஆனால் மாமா தானாகவே ஓரம் கட்டினார். "லோடு வண்டி கண்ணு. பிரேக்க மிதிச்சிட்டு நிக்கட்டும்னு சொல்லக் கூடாது."

ஓரம் கட்டிய இடத்தில் ஒரு கல்வெர்ட். கைப்பிடிச் சுவரில் பாசி, எண் அழிந்து போயிருந்தது. அடியில் தண்ணீர் காப்பி நிறத்தில் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேல் பக்கத்தில் கல்லை அடுக்கி, தண்ணீரை வேகம் குறைத்து உள்ளே விடுகிற மாதிரி ஒரு சின்ன தொட்டி கட்டியிருந்தார்கள். மண்ணும் கட்டையும் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் தாண்டும். எப்போது கட்டியதோ, பழைய கல் வேலை. நான் எடுத்துவிட்ட கல்வெர்ட்டின் வரைபடத்தில் இப்படி ஒன்று இல்லை. வைத்த கல்வெர்ட்டிலும் இல்லை.

அந்தத் தொட்டிக்குள் முழங்கால் வரைக்கும் நின்றுகொண்டு ஒருவர் மண்வெட்டியால் இலையையும் சேற்றையும் வாரி மேலே போட்டுக்கொண்டிருந்தார். தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"விருதுக்கு அனுப்பற படம்ணே" என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவர் என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். "இன்னும் மூணு கல்வெட்டு பாக்கி இருக்கு" என்றார். "வண்டில டீ இருக்கா?"