மூன்று கீறல்

போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் பென்சில்வேனியாவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, பாப்பாவுக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சு. மான் வேட்டைக்கு நானும் வர்றேன்னு நிக்கிறா. நம்ம தாத்தா வச்சிருந்த மாதிரி மருந்து கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கிதான். தோளை உதைக்காம இருக்கணும்னா எவ்வளவு மருந்து போடலாம்?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு உதை. 1971-இல் வாங்கியது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கை வலது தோள்பட்டைக்குப் போய்விட்டது.

அங்கே அது சட்டப்படி நடக்கிற விஷயம். கிறிஸ்துமஸ் கழிந்ததும், சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற பழைய துப்பாக்கிக்கென்றே அந்த மாகாணத்தில் தனி வேட்டைப் பருவம் உண்டு. இங்கே எங்கள் கதை வேறு.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகிற வழியில் தாத்தாவுக்கு மாந்தோப்பு. சப்பட்டை காய்க்கிற காலத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும், மிளா இறங்கும். காவலுக்கு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கு இந்த வகைத் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. உரிமக் காகித வேலை என்று தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் நாளில் நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். துப்பாக்கிக்காக இல்லை, பால்கோவாவுக்காக. கூடவே வெள்ளை வெளேரென்று எங்கள் நாயும் உட்கார்ந்திருக்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே போட்டார்கள். எங்கள் வீட்டு நாய்க்குப் பன்றியைவிடப் பால்கோவா மேல்தான் கண்.

உதைக்கு வருகிறேன். தாத்தா ஊரில் இல்லாத ஒரு மத்தியானம், உறவுக்காரர் ஒருவர் துப்பாக்கியை எடுத்துக் கெட்டித்தார். பெரியவர்கள் சுடுகிற அளவுக்கு மேலேயே மருந்து, அதன் மேல் தேங்காய் நார், பிறகு கை நிறைய ஈய ரவை. "சுடுறா" என்று என் கையில் கொடுத்தார். எனக்குப் பதினொரு வயது. கட்டை என் கைக்கு நீளம். தோள் குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் நின்றது. சத்தம் கேட்ட ஞாபகமே இல்லை. மல்லாந்து கிடந்தேன், மேலே மாங்கிளை, மூக்கில் கந்தக வாடை. இன்றைக்கும் தீபாவளிக் காலையில் அந்த வாடை வந்தால் எனக்கு முதலில் வலிப்பது தோள்தான்.

தாத்தா வந்து நீலம் பாரித்த இடத்தைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. உரிமம் அவர் பேரில், நான் தொட்டதே குற்றம், அது அவருக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கிக்குப் பயந்த பையனாக என்னை விட்டுவிட அவருக்கு மனசில்லை. செலவான தோட்டாவின் பித்தளை அடியை அறுத்துச் செய்த அளவு ஒன்று வைத்திருந்தார். அதில் பாதிக்குக் கோடு போட்டார். கை நிறைய ரவைக்குப் பதில் ஒற்றை ஈயக் குண்டு, துணி சுற்றி. என் தோளில் ஈரிழைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, நிற்கவைத்துச் சுடச் சொன்னார். யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருந்தது. அவ்வளவுதான்.

இதைத்தான் மருமகனுக்கும் சொன்னேன். தோட்டாத் துப்பாக்கியில் கம்பெனிக்காரன் போட்டதுதான் அளவு. இதில் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் தோளைப் பார்த்து அளந்து போடலாம். அவன் வைத்திருப்பது ஐம்பது காலிபர். ஆட்கள் அதில் நூறு கிரெயின் மருந்தும் முந்நூறு கிரெயின் நீளக் குண்டும் போடுவார்களாம். அவளுக்கு ஐம்பது கிரெயின் கருமருந்து, உருண்டைக் குண்டு, அது 177 கிரெயின், பதினொன்றரை கிராம்தான். உதை பாதிக்குக் கீழே வந்துவிடும். லேசான துப்பாக்கி வாங்காதே, கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும். கட்டையை மட்டும் அவள் கைக்குக் குறைத்துக்கொள் என்றேன்.

"மானுக்கு அது போதுமா மாமா?"

தாத்தாவிடம் நானும் இதையே கேட்டேன். "மருந்து குறைஞ்சா நடை கூடணும்டா" என்றார். நூறு கெஜத்தில் சுடுகிறவன் ஐம்பதுக்குள் போக வேண்டும். போக முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். அரைகுறையாக அடிபட்ட மிளா ரெண்டு நாள் மலையில் கிடந்து சாகும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு என்பார். ஒரு சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிளா நின்றது. என் கையில் என் அளவு கெட்டித்த துப்பாக்கி. எண்பது கெஜம் இருக்கும். குனிந்து நடந்தோம். அறுபதில் அது காதைத் திருப்பியது. அப்புறம் அங்கே வெறும் நாணல்தான் ஆடியது. எனக்கு அழுகை வந்தது. தாத்தா வானத்தைப் பார்த்துச் சுட்டுக் குழலைக் காலி செய்தார்.

அடுத்த வருடம், 1972-இல், வனவிலங்குச் சட்டம் வந்தது. 1988-இல் அந்த மலை சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இன்றைக்கு அங்கே மிளாவைச் சுட்டால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஜெயில். சரியான சட்டம். எந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் மருந்தளவு சொல்லித்தர நான் தயாரில்லை.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாங்கிவந்த துப்பாக்கியை, தாத்தா போன பிறகு ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டோம். கெட்டிக்கிற இரும்புக் கம்பி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. கொல்லைக் கதவுக்கு அதுதான் இப்போது தாழ்ப்பாள். அதை உருவி, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். தாத்தா அரத்தால் போட்ட மூன்று கீறல் அதில் உண்டு. கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் எந்தக் கீறல் நிற்கிறது என்று பார்ப்பார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழலே வெடித்துவிடலாம். கீறல் விளிம்புக்கு வராமல் சுடவே விடமாட்டார்.

மேல் கீறல் காலிக் குழலுக்கு. கீழ்க் கீறல் அவர் அளவுக்கு. நடுவில் இருப்பது என்னுடையது.